பாட்டியின் புழுங்கல் சோறும் அப்பாவின் சுண்டுவிரலும்

காலை 6 மணிக்கு ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, "சீனியைக் குறையுங்கள் நேயர்களே, கீரை சாப்பிடுங்கள், தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்று எட்டு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். சொல்வது சுலபம். கையில் தாள் இருக்கும். வாசித்துவிட்டு அடுத்த பாட்டைப் போட்டுவிடலாம். சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை அப்படி ஒரு குறிப்பை வாசித்து முடித்து வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தால், பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து ஆறு அழைப்புகள். "அப்பா கால்ல புண்ணு, பாத்தியா நீ? நாத்தம் அடிக்குதும்மா" என்றார்.

பார்க்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பார்க்கவில்லை.

எங்கள் வீடு புக்கிட் மெர்தாஜாமில், ஆல்மா பக்கம். நிகழ்ச்சிக்காக நான் அதிகாலை 4.30க்கே காரை எடுத்துக்கொண்டு பாலம் ஏறித் தீவுக்குப் போய்விடுவேன். மதியம் திரும்பி வந்தால் தூக்கம். நான் எழுந்திருக்கும்போது அப்பா கடைக்குப் போயிருப்பார். அவர் வரும்போது நான் மறுநாள் நிகழ்ச்சிக்குக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா இருந்தவரை எங்கள் இருவரையும் சமையலறைதான் சேர்த்து வைத்தது. அவர் போய் மூன்று ஆண்டுகளில் அந்த அடுப்பில் பெரும்பாலும் சுடுதண்ணீர் மட்டுமே கொதித்தது.

அப்பாவுக்குச் செருப்பு வார் உரசிய சின்னக் காயம்தான். வலிக்கவில்லை, அதனால் கவனிக்கவில்லை. இனிப்புநீர் பல ஆண்டுகள் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் பாத நரம்புகள் மரத்துப் போகும். முள் குத்தினாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால் புண் ஆறாது. இதையும் நான் வானொலியில் சொல்லியிருக்கிறேன். வலது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. லாரியில் முப்பது ஆண்டுகள் ஜோகூர் வரை போய் வந்த கால் அது.

"யாரோடு சாப்பிடுகிறீர்கள்?"

மருத்துவமனையை விட்டு வந்த பிறகு, சத்துணவு ஆலோசனைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தவர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு மலாய்ப் பெண். "சோறு சாப்பிடாதீர்கள், இனிப்பு சாப்பிடாதீர்கள்" என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தாளை எடுக்கவே இல்லை. அப்பாவின் ஒரு நாளைக் கேட்டார், காலை முதல் இரவு வரை.

அப்பா பெருமையாகவே சொன்னார். காலையில் மாமாக் கடையில் இரண்டு ரொட்டி சானாய், பருப்பு, மீன் குழம்பு, ஒரு தே தாரிக். பதினொரு மணிக்குக் கோப்பி ஓ, கூட ஏதாவது ஒரு குவே. மதியம் பொட்டலச் சோறு. குழம்பு நிறைய ஊற்றி. சாயங்காலம் இன்னொரு தே, பிசாங் கோரேங். இரவு ஒன்பதரைக்கு மேல் மீ கோரேங். அப்புறம் பன்னிரண்டு மணி வரை டிவி.

"காய்கறி?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"குழம்புல உருளைக்கிழங்கு இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். பிறகு கேட்டதுதான் என்னைக் குத்தியது. "பாச்சிக் மாக்கான் டெங்கான் சியாப்பா?" யாரோடு சாப்பிடுவீர்கள் என்று. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "தனியாத்தான்" என்றார்.

தூக்கம் எப்படி, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார், வீட்டில் யார் சமைக்கிறார்கள், நடக்க இடம் இருக்கிறதா, மனைவி இறந்த பிறகு யாரோடு பேசுகிறார் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே போனார். நாற்பது நிமிடத்தில் சீனி என்ற சொல் நான்கைந்து முறைதான் வந்திருக்கும். முழுமையான ஊட்டச்சத்து என்று மேடைகளில் பெரிதாகப் பேசுகிறார்களே, அது என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. தட்டில் என்ன இருக்கிறது என்பதோடு, அந்தத் தட்டின் எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்பது.

நம் வீட்டுக் கணக்கு

நாட்டின் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியிருப்பது நல்ல செய்தி. ஆனாலும் ஆறு பேரில் ஒருவர் என்பது சிறிய எண் இல்லை.

அதே 2019 ஆய்வில் இன்னொரு எண் உண்டு. பரிந்துரைக்கப்பட்ட அளவு பழமும் காய்கறியும் சாப்பிடாதவர்கள் நூற்றுக்கு 95 பேர். இதில் எல்லா இனத்தவரும் ஒற்றுமையாக இருக்கிறோம்!

மரபும் ஒரு காரணம் என்கிறார்கள் மருத்துவர்கள். தெற்காசியர்களுக்கு மெலிந்த உடம்பிலும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரும் இயல்பு அதிகம். உடல் பருமன் இல்லாதவருக்கும், மற்ற இனத்தவரைவிட இளம் வயதிலேயே இனிப்புநீர் வந்துவிடுகிறது. ஆனால் மரபு நூறாண்டில் மாறுவதில்லை. தட்டுதான் மாறியது.

கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஒரு சோறு

அப்பாவைக் கவனித்துக்கொள்ள விடுப்பெடுத்திருந்த நாட்களில் நிறையப் படித்தேன். அப்போது கண்ணில் பட்டதுதான் இந்தக் கதை. நம் நாட்டில், நம் சோற்றை வைத்து நடந்த ஆராய்ச்சி; பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கும், மரத்துப் போகும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். தோட்டங்களில் இருந்த தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. ஏன்? கிருமி என்றார்கள், மண்ணில் விஷம் என்றார்கள். நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த லியோனார்ட் பிராடன் என்ற மருத்துவர்தான் அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. வேறுபாடு அங்கேதான் என்று எழுதினார். பலரும் நம்பவில்லை.

1905 டிசம்பரில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்குச் சயாம் பச்சரிசிச் சோறு; இரட்டைப்படை எண் வந்தவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசிச் சோறு. ஒவ்வொரு பக்கமும் 120 பேர் அளவில். ஏறக்குறைய ஓராண்டு முடிவில், பச்சரிசிப் பக்கத்தில் பத்தில் மூன்று பேருக்குப் பெரிபெரி. 18 பேர் இறந்துபோனார்கள். புழுங்கல் பக்கத்தில் இரண்டே பேர், அவர்களும் நோயோடு உள்ளே வந்தவர்கள். கட்டடத்தில்தான் ஏதோ குறை என்று சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக, நடுவில் இரு பக்கத்தாரையும் இடம் மாற்றியும் பார்த்தார். சோறு மாறாதவரை முடிவும் மாறவில்லை.

சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத மனிதர்களை வைத்து இப்படிச் செய்ததை இன்று எந்த மருத்துவமனையும் அனுமதிக்காது. அந்த 18 பேரை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

பிறகு 1907இல், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானின் டுரியான் திப்புஸ் காட்டில் சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே இன்னும் கவனமாகச் செய்தார்கள். பச்சரிசிக் குழுவில் நோய் தலைகாட்டியதும் அரிசியை மாற்றினார்கள், நோய் நின்றது. அரிசியைத் தீட்டும்போது கழித்துவிடும் தவிட்டில்தான் மருந்து இருக்கிறது என்பது உறுதியானது. அந்த மருந்துக்கு வைட்டமின் பி1 என்ற பெயரெல்லாம் பின்னால் வந்தது.

நெல்லை உமியோடு ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து நீரோடு கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. நம் முன்னோர் வைட்டமினை எண்ணியா நெல்லைப் புழுக்கினார்கள்? இல்லை. புழுக்கினால் அரிசி உடையாது, வண்டு சீக்கிரம் பிடிக்காது, சோறு குழையாது. வீட்டு வசதிக்குச் செய்த வேலை, ஆயிரம் மைல் தாண்டி வந்த இடத்தில் உயிரைக் காத்தது.

ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு என்றானபோது பெரிபெரி மறுபடி வந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம்மவர்களைக் காலராவும் மலேரியாவும் தின்றது போக, மிச்சத்தை இந்தச் சத்துக் குறைவும் தின்றது.

பாட்டி காலம் பொற்காலமா?

என் பாட்டி ஆல்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காலையில் பழைய சோறு, வெங்காயம், கருவாடு. லயத்து வேலியில் முருங்கை. வரப்போரம் வல்லாரை; அதே இலையைத்தான் இன்று சந்தையில் பெகாகா என்று கட்டு கட்டிப் பணம் வாங்குகிறார்கள். பாட்டி தட்டில் சோறு மலைபோல் இருக்கும். ஆனால் விடியுமுன் எழுந்து நானூறு மரம் ஏறி இறங்கி நடந்து, வாளியில் பால் சுமந்தவர்.

இதைச் சொன்னதும் "பாட்டி காலத்துச் சாப்பாடே போதும்" என்று கைதட்டக் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். தோட்டத்தில் சோகையும் கொக்கிப்புழுவும் மலேரியாவும் இருந்தன. பாட்டி பெற்ற எட்டுப் பிள்ளைகளில் ஐந்து பேர்தான் மிஞ்சினார்கள். அது பொற்காலம் அல்ல. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நம் வீட்டில் நடந்தது இதுதான். தோட்டம் போய் வீட்டுமனை வந்தது. உழைப்பு லாரி இருக்கைக்கும் கணினி நாற்காலிக்கும் வந்தது. சோற்று மலை மட்டும் அப்படியே நின்றது. அதன் மேல் ரொட்டி சானாயும் டின் பாலும் வந்து சேர்ந்தன. டின் பாலில் பாதிக்குப் பக்கம் சீனி என்பதைக் கடைக்காரர் இரண்டு மூன்று கரண்டி ஊற்றும்போது யார் நினைக்கிறோம்? 2019 ஜூலையிலிருந்து அரசாங்கம் சீனி கூடிய போத்தல் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. பிறகு அதை உயர்த்தவும் செய்தது. கடையில் ஆற்றித் தரும் தேநீருக்கு வரி கிடையாது. அதற்கு "கூராங் மானிஸ்" என்று நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

பெரிபெரியும் இனிப்புநீரும் ஒன்றல்ல. ஒன்றின் மருந்து மற்றதற்கு ஆகாது. ஆனாலும் இரண்டிலும் ஒரே இடத்தில் கை சுட்டது. தீட்டித் தீட்டி வெளுப்பாக்கியதை உயர்வு என்று நினைத்தோம்.

வீட்டில் என்ன மாற்றினோம்

அந்தச் சத்துணவு அதிகாரி சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு தட்டை வரைந்தார். பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செப்பாரோ" என்று சொல்லி வருவது இதுதான். அப்பா அந்தக் கால் பங்கைப் பார்த்து, "இது பூனைக்கு வைக்கிற சோறும்மா" என்றார்.

முதலில் அரிசியை மாற்றினோம். பொன்னிப் புழுங்கல். வெள்ளைப் பச்சரிசியைவிட இது பொதுவாக இரத்தத்தில் சீனியைக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏற்றும். "அதுக்காக நிறையப் போட்டுக்கொண்டால் இரண்டும் ஒன்றுதான்" என்று அந்தப் பெண் எச்சரித்ததையும் சொல்லிவிடுகிறேன், நேயர்களில் சிலர் பாதியை மட்டும் கேட்டுக்கொள்கிறவர்கள்.

காய்கறிதான் பெரிய போராட்டம். அப்பாவுக்கு இலை என்றால் ஆடு. ஞாயிறு காலை என்னோடு சந்தைக்கு இழுத்துப்போனேன். பாயாம், காங்கோங், பாகற்காய், கத்தரிக்காய். கெம்போங் மீன் வாங்கினோம். நல்ல கொழுப்பு வேண்டுமென்றால் விமானத்தில் வரும் சால்மன்தான் என்றில்லை. பக்கத்து வீட்டு அக்கா வேலியிலிருந்து முருங்கைக்கீரை ஒடித்துத் தருவார். அம்மா செய்வது போல் பருப்பும் தேங்காயும் போட்டுச் சுண்டி வைத்தபோது, அப்பா இரண்டாம் தடவை கேட்டார். அன்றைக்கு நான் குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

உண்மையில் கஷ்டமான மாற்றம் கடிகாரத்தில்தான். இரவுச் சாப்பாடு 6.30க்கு, இருவரும் ஒன்றாக. அதற்காக நான் மதியத் தூக்கத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்து, இரவு 9 மணிக்குப் படுக்கப் பழகினேன். புக்கிட் மின்யாக் தொழிற்சாலைகளில் சுற்று வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். இரவு வேலை, மாறி மாறி வரும் தூக்கம், நள்ளிரவுச் சாப்பாடு ஆகியவை இனிப்புநீர் ஆபத்தைக் கூட்டுகின்றன. தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அவர்களுக்கு "சீக்கிரம் தூங்குங்கள்" என்று சொல்வது அறிவுரையல்ல, கிண்டல். வீட்டிலிருந்து ஒரு டப்பா எடுத்துப் போவதும், கேண்டீனில் இனிப்புப் பானத்துக்குப் பதில் தண்ணீர் எடுப்பதும் அவர்களால் முடியும். மற்றது முதலாளிமாரும் யோசிக்க வேண்டியது.

சாப்பிட்டதும் வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் நடக்கிறோம். விரல் ஆறியதும் ஞாயிறுகளில் செரோக் தோக்குன் மலையடிவாரம் வரை. மலை ஏறுவது நான் மட்டும். அப்பா கீழே பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் தன் விரல் போன கதையைச் சொல்லுவார். அவர் அவ்வளவு பேசி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதற்கு நடுவில் உறவினர் ஒருவர் ஒரு பொடி டின்னோடு வந்தார். முழுமையான சத்து, உடம்பின் நஞ்சையெல்லாம் எடுத்துவிடும், மாத்திரையே தேவைப்படாது என்றார். மாதம் 280 வெள்ளி. அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்த யாருக்குத்தான் ஆசை இருக்காது? நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். நஞ்சை எடுக்க ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. அவற்றைக் கெடுக்காமல் இருந்தாலே போதும். அந்த உறவினர் இப்போது எங்களோடு பேசுவதில்லை.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், டாக்டரிடம் கேட்காமல் திடீரென்று சோற்றைக் குறைப்பதோ வேளையைத் தள்ளுவதோ ஆபத்து. சீனி சட்டென்று இறங்கி மயக்கம் வரும். பரிசோதனை செய்யக் காசில்லை என்று தள்ளிப் போடுபவர்கள் பெக்கா பி40 திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். அரசாங்க உதவித்தொகை பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசப் பரிசோதனை உண்டு.

அப்பாவின் மூன்று மாதச் சராசரி சீனி அளவு 10.4ஆக இருந்தது, 8.6க்கு வந்து, போன தடவை 7.8. இன்னும் இறங்க வேண்டும். தீபாவளி வாரத்தில் ஒளித்து வைத்து நெய்யுருண்டை சாப்பிட்டதும், ஒரு மழைக்காலம் முழுக்க நடக்காததும் இந்தக் கணக்கில் அடக்கம். விரல் திரும்பி வராது.

நானும் என் பங்குக்கு அந்தக் கிளினிக்கிலேயே கையை நீட்டினேன். வெறும் வயிற்றில் 6.4. ஏழு வந்தால் நோய்; ஆறு தாண்டினாலே எல்லைக்கோடு. எட்டு ஆண்டுகள் ஊருக்கு உபதேசம் செய்தவளின் எண் அது. அதிகாலையில் கலையகத்தில் மைலோவும் பிஸ்கட்டும், மதியம் வழியில் வாங்கிய பொட்டலம் என்று நானும் அப்பா மாதிரியேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், இருபத்தைந்து வயது குறைவாக.

"ரேடியோவுல பேசுனா மட்டும் போதுமா? உன் ரீடிங் என்ன, எடுத்தியா?" என்று இப்போது அப்பா என்னைக் கேட்கிறார். அடுத்த வாரம் இருவருக்கும் ஒரே நாளில் தவணை வாங்கியிருக்கிறேன். வெறும் வயிற்றோடு போக வேண்டும். இரத்தம் கொடுத்து முடிந்ததும் எங்கே பசியாறுவது என்பதில்தான் இன்னும் முடிவாகவில்லை. அவர் ஒரே ஒரு ரொட்டி சானாய் என்கிறார். நான் தோசை என்கிறேன்.